முழங்கால் சேர் எழுந்து நின்ற நாள்

கோயிலில் இல்லை, தேவாலயத்தில் இல்லை, வீட்டுப்பாடம் செய்யாமல் போன வகுப்பிலும் இல்லை. சம்பளம் வாங்குகிற உத்தியோகத்துக்காக முழங்காலில் நடந்த மனிதர் இலங்கைத் தீவில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எனக்கு மேலதிகாரியாக வாய்த்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகம் இருந்த கட்டடத்தில் வாசல் காவலாளியிலிருந்து மேல்மாடி ரியூசன் மாஸ்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் முழங்கால் சேர்தான். ஆறடிக்கு மேல் உயரம். அதற்கேற்ற அகலம். குரல் மட்டும் பால் கேட்கும் பூனைக்குட்டி மாதிரி.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு அறக்கட்டளைகள் தருகிற நிதியை இங்குள்ள சின்னச் சின்னப் பாலர் நேர்சரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு பாதி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக அரசாங்கம் எழுதும் கொள்கைகளில் நாங்களும் போய் மூக்கை நுழைப்பது மறு பாதி. மகளுக்கு ஒரு வயது முடிந்த கையோடு நான் இந்த வேலையில் சேர்ந்தேன். அவளை மாமியிடம் விட்டுவிட்டு, ஊரார் பிள்ளைகளின் வளர்ச்சி பற்றி அறிக்கை எழுதப் போவது சரியா பிழையா என்று காலி வீதியின் மஞ்சள் கோட்டுக் கடவையைத் தாண்டுவதற்குள் எனக்குப் பல தரம் மனம் மாறும்.

முதல் நாளே கொட்டாஞ்சேனையில் ஒரு நேர்சரியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். ஒடுங்கிய ஒழுங்கை. ஒழுங்கை முனையில் ஓட்டோவால் இறங்கினோம். நான் கைப்பையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் சேரைக் காணவில்லை. குனிந்து பார்த்தேன். நிலத்தில் முழங்காலில் கிடந்தார்.

நான் முதலுதவிப் பயிற்சி எடுத்தவள். பிள்ளைக்கு எது நடந்தாலும் என்று பயந்து, பிரசவத்துக்கு முன்பே எடுத்த பயிற்சி. உடனே பாய்ந்து அவருடைய சேர்ட்டின் மேல் பட்டனைக் கழற்றினேன்.

"பிள்ளை, என்ன செய்யிறீர்?"

"சேர், நெஞ்சு நோகுதா? இடது கை விறைக்குதா? ஓட்டோ அண்ணை, போகாதேங்கோ, ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ!"

"எனக்கு ஒண்டுமில்லை. நேர்சரி பாக்கப் போறன். பட்டனைப் பூட்டி விடும்."

அப்போதுதான் அவருடைய முழங்கால்களைக் கவனித்தேன். தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர்கள் கட்டுகிற தடித்த கறுப்பு உறைகள். புறக்கோட்டையில் வாங்கியதாம். கடைக்கார முஸ்லிம் நானா, "எந்த சைட்ல வேல செய்றீங்க?" என்று கேட்டதற்கு, "நேர்சரிகளில" என்று இவர் சொல்லியிருக்கிறார். நானா அதற்குப் பிறகு விலை பேசவேயில்லையாம்.

"அங்க படிக்கிற ஆக்கள் மூண்டடி. மேல நிண்டு பாத்தால் எனக்கு என்ன தெரியும்?" என்றபடி சேர் முழங்காலிலேயே நடக்கத் தொடங்கினார். பக்கத்துத் தேவாலயத்திலிருந்து வந்த ஒரு அம்மா நின்று, "என்ன நேர்த்திக்கடன் தம்பி?" என்று கேட்டார். "பிள்ளையளுக்காக அம்மா" என்றார் சேர். அந்த அம்மா கண் கலங்கி, சிலுவை அடையாளம் போட்டு, வாசல் வரைக்கும் செபம் சொல்லிக்கொண்டே கூட வந்தார். நான் பின்னால், யாராவது எங்கட வெள்ளவத்தை ஆக்கள் பார்த்துவிடக்கூடாதே என்று கும்பிட்டபடி போனேன்.

உள்ளே பிலோமினா ரீச்சர் கரும்பலகை அழித்துக்கொண்டிருந்தார். திரும்பியவர், "ஐயோ மாதாவே!" என்று டஸ்டரைப் போட்டுவிட்டார். "மிஸ், இவரு என்ன மிஸ் செய்றாரு?"

"கண்காணிப்பு, ரீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்ல?

பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு அதிர்ச்சியும் இல்லை. வந்தவர் தங்களைவிடக் கொஞ்சம் வளர்ந்த, மீசை வைத்த ஒரு பிள்ளை என்று எடுத்துக்கொண்டார்கள். டெனிஷா என்கிற சிறுமி அவருடைய கையைப் பிடித்து இழுத்துப்போய், ரீச்சரின் மேசைக்கு அடியில் தான் ஒட்டி வைத்திருந்த இடியப்பத்தைக் காட்டினாள். பல நாள் இடியப்பம். கல்லாகிப் போயிருந்தது. ரீச்சர் இன்னொரு தரம் மாதாவைக் கூப்பிட்டார். அன்றைக்கே பிள்ளைகள் சேருக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: குட்டி மாமா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் போனோம். வாசலுக்கு வெளியிலேயே உறையைக் கட்டி, முழங்காலில் உள்ளே போவார். திரும்பும்போதும் வாசலைத் தாண்டி, மதில் மறைவுக்கு வந்த பிறகுதான் எழும்புவார். தூங்கும் நேரத்துக்குப் போனால் பிள்ளைகளோடு பாயில் படுத்துப் பார்ப்பார். ஒரு நாள் படுத்தவர் உண்மையாகவே தூங்கிவிட்டார். அந்தக் குறட்டையில் ஒரு பிள்ளையும் தூங்கவில்லை. எல்லோரும் சுற்றிவர இருந்து, வாயில் விரலை வைத்து, "ஷ்ஷ், குட்டி மாமா தூங்குறாரு" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைய வருகை அறிக்கையில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அதிர்ச்சி கொட்டாஞ்சேனையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முன்பள்ளிகளுக்கான தரங்கள் பற்றி ஒரு கொள்கைக் கூட்டம். பெரிய பெரிய அதிகாரிகள், நீள மேசை. கை கழுவும் பைப்பை எந்த உயரத்தில் வைப்பது என்று வெகுநேரமாக வாதம். "உயரமாக இருந்தால் ரீச்சர் தூக்கிப் பிடிக்கலாம்தானே" என்றார் ஒருவர். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரை திடீரென்று வெறுமையாக இருந்தது. 

மேசை விளிம்பில் ஒரு கை மட்டும் முளைத்தது. அது தண்ணீர்க் கிளாசைத் தேடித் தடவியது. கீழேயிருந்து பூனைக்குட்டிக் குரல் சிங்களத்தில் கேட்டது: "மட்ட வத்துர பொண்ட பே, சேர்." எனக்குத் தண்ணி குடிக்க ஏலாமல் கிடக்கு, சேர்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யார் அது?"

"எங்கட பணிப்பாளர், சேர்" என்றேன்.

"எங்கே?"

"மேசைக்குக் கீழ, சேர்."

கை கடைசியில் கிளாசைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் முழுத் தண்ணீரும் கொள்கை வரைவின் மேல். எல்லோரும் எழும்பி ஓடினார்கள். அடுத்த வரைவில் பைப்பின் உயரம் பற்றி ஒரு வரி வந்தது, இன்றும் இருக்கிறது. வாதத்தால் வந்ததா, இனியும் நனைய வேண்டாம் என்று வந்ததா, எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்கும் வந்தார். சாப்பிடக் கூப்பிட்டது நான்தான். பிள்ளை வளர்ப்பு பற்றிய அத்தனை வழிகாட்டல்களையும் வாசித்து, மூலை முடுக்கெல்லாம் பஞ்சு ஒட்டி, மகளின் வாயில் ஒரு துளி சீனி படாமல் வளர்க்கிற என் வீட்டை அவர் மெச்ச வேண்டும் என்று எனக்கு ஆசை. சோறு போடும் முன்பே உறையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். யாரைக் கண்டாலும் என் சேலைக்குப் பின்னால் ஒளியும் மகள் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு தானும் தவழ்ந்து, அவரை மாமியின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் கட்டிலுக்குக் கீழே மறைந்தார்கள்.

வெளியே வரும்போது சேரின் கையில் ஒரு பெரிய பிஸ்கட் ரின். உள்ளே சொக்லேற், எள்ளுருண்டை, மிக்சர். மகள் கைதேர்ந்தவளாக மூடியைத் திறந்து அவருக்கு ஒரு உருண்டையை நீட்டினாள்.

"மாமி! இது என்ன?"

மாமிக்கு நீரிழிவு. சுவரைப் பார்த்தார். "வாற விருந்தாளியளுக்கு எண்டு எடுத்து வச்சனான்."

"கட்டிலுக்குக் கீழயா?"

"அங்கதான் எறும்பு வராது." பிறகு என் காதுக்குள் சீறினார்: "இந்த மனுசனை இனி வீட்டுப் பக்கம் கூப்பிடாதையும், சொல்லிப்போட்டன்."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டுதான் அந்தச் சோதனை வந்தது. கொட்டாஞ்சேனை நேர்சரிக்கான நிதி அந்தத் தவணையோடு முடிகிறது. தொடர்ந்து தருவதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்க, நிதி தரும் அறக்கட்டளையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மையார் நேரில் வருகிறார். நிறுத்தினால் நேர்சரியை மூடுவதைத் தவிர வழியில்லை. புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை எங்கே விடுவார்கள்? நீடிப்பு விண்ணப்பம் எழுதியது நான். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போவது எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மையார் வருவதற்கு முதல் நாள் சேரின் அறைக்குப் போனேன்.

"சேர், ஒரு உதவி. நாளைக்கு மட்டும் நிமிர்ந்து நில்லுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"அந்த அம்மாவுக்கு விளங்காது சேர். பைத்தியக்காரர் நடத்துகிற நிறுவனம் எண்டு நினைச்சிட்டால்? பிலோமினா ரீச்சர் எங்க போவா?"

சேர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "சரி, பிள்ளை. நிக்கிறன்."

சொன்னபடியே நின்றார். இஸ்திரி போட்ட சேர்ட், மினுங்கும் சப்பாத்து, உறை இல்லை. அம்மையாரை அழைத்துக்கொண்டு, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே நுழைந்து, கூரை வரைக்கும் நிமிர்ந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிள்ளைகளின் பாட்டு பாதியில் நின்றது.

அவர்கள் மெல்ல மெல்ல மேலே பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே போனார்கள். சேர் தன் பூனைக்குட்டிக் குரலில், "என்ன பிள்ளையள், சுகமா?" என்றார். டெனிஷாவின் கண் அகன்றது. அதே குரல், அதே மூக்குக்கண்ணாடி, அதே மீசை. அவள் நடுங்கிக்கொண்டு முன்னால் வந்து கேட்டாள்:

"நீங்க எங்க குட்டி மாமாவ சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான். ஒன்று வீரிட்டது, பிறகு எல்லாம் வீரிட்டன. இரண்டு பேர் பாய்க்குள் சுருண்டார்கள். ஒருவன் அலுமாரிக்குள் போய்க் கதவைச் சாத்தினான். இன்னொருத்தி அம்மையாரின் பாவாடைக்குள் புகுந்தாள். பிலோமினா ரீச்சர் மாதாவை விட்டுவிட்டு எல்லாப் புனிதர்களையும் வரிசையாகக் கூப்பிட்டார்.

"சேர், முழங்கால்! முழங்கால்!" என்று முணுமுணுத்தேன்.

அவர் விறைத்துப் போய் நின்றார். "நீர்தானே பிள்ளை நிக்கச் சொன்னனீர். வாக்குக் குடுத்திட்டன்."

"எனக்கு வாக்கு வேண்டாம்! சேர், முழங்காலில நில்லுங்கோ!"

கத்திவிட்டேன். அதுவும் பதற்றத்தில் அதையே ஆங்கிலத்திலும், அந்த அம்மையாருக்கு முன்னால், என் மேலதிகாரியைப் பார்த்து. அம்மையாரின் வாய் திறந்தது, மூடவில்லை.

சேர் தொப்பென்று விழுந்தார். உறை இல்லாத வெறும் முழங்கால் சீமெந்தில் பட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அழுகை குறைந்தது. டெனிஷா கிட்டே வந்து அவருடைய கன்னத்தை, மூக்கை, மீசையைத் தடவிப் பார்த்தாள்.

"வெளிய வந்துட்டீங்களா?"

"ஓம், வந்திட்டன்."

"உள்ள இருட்டா இருந்திச்சா?"

"கொஞ்சம்" என்றார் சேர். அவருடைய கண்ணில் தண்ணீர். முழங்கால் நோவுக்கா, வேறு எதற்காகவா என்று நான் கேட்கவில்லை. அடுத்த நொடி அத்தனை பிள்ளைகளும் அவர் மேல் ஏறியிருந்தார்கள். அலுமாரிக்குள் இருந்தவனும் வந்துவிட்டான்.

அம்மையார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே ஒரு குட்டிக் கதிரையில் அமர்ந்தார். எழும்பும்போது கதிரையும் அவரோடு எழும்பியது. பிள்ளைகள் இதுவும் ஒரு விளையாட்டு என்று கைதட்டினார்கள். நானும் ரீச்சரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். வேலை போனது, நேர்சரி போனது, மகளை இனி நானே முழுநேரமும் வளர்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன்.

அடுத்த கிழமை கணினித் திரையில் வந்த அம்மையார் என் விண்ணப்பத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நிதி தொடரும்" என்றார். "தயவுசெய்து அந்தக் குட்டி மாமாவை மறுபடி யாரும் சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

இந்த வருடம் சேரின் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. இனி ஒரு நாளும் மண்டியிடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் கொட்டாஞ்சேனைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். "அதுகள் பயந்திடுங்கள், பிள்ளை" என்பார். பிலோமினா ரீச்சர் எனக்குப் போன் எடுத்து, "குட்டி மாமா எங்கன்னு கேட்டு தொல்ல பண்றாங்க மிஸ்" என்றார்.

போன மாதம் நானே சேரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மாமி கோயிலுக்குப் போயிருந்ததால் மகளும் கூட வந்தாள். சேர் வாசலுக்கு வெளியே மதில் மறைவில் நின்றுகொண்டு, "நீர் போம், நான் வரேல்ல" என்றார். நான் உள்ளே போய், குட்டி மாமாவுக்கு முழங்கால் நோகிறது, இனிக் குனிய ஏலாது, உயரமாகத்தான் வருவார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்வது சரியா பிழையா என்று அப்போதும் தெரியவில்லை.

டெனிஷா கொஞ்சம் யோசித்தாள். தன் கதிரையை வாசல் வரைக்கும் இழுத்துப்போய், அதன் மேல் ஏறி நின்றாள். மற்றவர்களும் கதிரைகளை இழுத்தார்கள். வாசலில் வரிசையாகக் கதிரைகள், மேலே பிள்ளைகள், நடுவில் என் மகளும்.

"குட்டி மாமா, இப்ப வாங்க!"

பிள்ளைகள் கதிரையில் ஏறுவதை ஒருபோதும் அனுமதிக்கக்கூடாது என்று பாதுகாப்பு விதி எழுதியவளே நான்தான். இறங்குங்கோ, விழுந்திடுவீங்கள் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் மதில் மறைவிலிருந்து சேர் வெளியே வந்துவிட்டார். நான் ஓடிப்போய், ஒரு கையால் மகளின் கதிரையையும் மறு கையால் டெனிஷாவின் கதிரையையும் பிடித்துக்கொண்டேன். பிடிப்பதென்றால் முழங்காலில்தான் நிற்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, சேர் எவ்வளவு உயரமான மனிதர் என்று.