விசா வைத்தியர்

சிட்னியில் நேபாளிகள் நாலு பேர் கூடினால் ஐந்தாவதாக ஒருவர் இருப்பார். பெயர் எதுவானாலும் ஆள் விசா வைத்தியர். சட்டம் படித்தவரா? இல்லை. ஒரு காலத்தில் அவருக்கும் ஒரு விசா வந்தது, அவ்வளவுதான். வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டவன் மறுநாள் கத்தியோடு வந்து நின்றால் உங்கள் வயிற்றைக் காட்டுவீர்களா? இவரிடம் மட்டும் காட்டுகிறோம்.

நான் ஆறாம் வகுப்பு தாண்டாதவன். தட்டுக் கழுவ வந்து இன்று மூன்று மோமோ கடை, அதாவது எங்கள் ஊர்க் கறிக் கொழுக்கட்டைக் கடை, வைத்திருக்கிறேன். வேலைக்கு வருகிறவரின் விசாவில் வேலை அனுமதி உண்டா என்று அரசாங்க இணையதளத்தில் நானே பார்த்த பிறகுதான் அவர் மாவில் கை வைப்பார். அந்த வித்தையில், படித்தவனான என் மருமகனே என்னிடம் தோற்பான். ஆகவே எனக்குப் பேசத் தகுதி உண்டு.

வைத்தியர் கேள்வியை முழுதாகக் கேட்கமாட்டார். ஆட்டெலும்பை உறிஞ்சி முடித்து, விரலை நக்கி, குடிவரவு அதிகாரி பக்கத்து நாற்காலியில் ஒளிந்திருப்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, பிறகு மண்டபமே கேட்கும்படி பயமுறுத்துவார். சிட்னியில் நாங்கள் இருக்கும் ராக்டேல் பகுதிக்கு வைத்தியர் ஹோம்நாத்.

போன சனிக்கிழமை ஒரு குழந்தைக்குச் சோறூட்டும் விருந்து. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் சிர்ஜனா அவரிடம் வந்தாள்.

“அண்ணே, படிப்பு விசா வியாழனோட முடிஞ்சுது. நிரந்தரமா தங்க பி.ஆர். கேட்டிருக்கேன், அது வர்ற வரைக்கும் இடைக்கால விசா. வேலைக்குப் போகலாம்ல?”

“போனியோ, பி.ஆர். போச்சு! என் கேஸ்ல வேலையே பார்க்கக் கூடாதுன்னுட்டான்.”

“அது எந்த வருஷம்ணே?”

“சட்டத்துக்கு ஏதும்மா வருஷம்?”

அவள் முகம் வெளுத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பயந்து, வேலையை விடுவதாக வெள்ளிக்கிழமையே போனில் கடிதம் எழுதி வைத்துவிட்டாளாம். திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. மூன்று வருடம் முதியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டி நிலைத்த வேலை.

“இணையத்துல பார்த்துடலாமே” என்றேன்.

ஹோம்நாத் பதறினார். “ஐயோ, வேணாம்ணே! நாம பார்த்தா அவங்க நம்மளப் பார்ப்பாங்க. தூங்குற ஃபைலை எதுக்கு எழுப்பணும்?”

“பார்க்கத்தானேய்யா ஜன்னலைத் திறந்து வச்சிருக்கான்! எட்டிப் பார்த்தா திருட்டா? நீ போனை எடும்மா.”

ஊறுகாய்க் கையைத் துடைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் எண்ணையும் விசாக் கடிதத்து எண்ணையும் தட்டினாள். இரண்டே நிமிடம். வேலை செய்யத் தடை ஏதும் இல்லை என்று வந்தது. உரக்க ஒரு முறை படித்தாள். நம்பாமல் என்னையும் படிக்கச் சொன்னாள். அப்புறம் வேலையை விடும் கடிதத்தைப் போனிலிருந்து அங்கேயே அழித்தாள்.

“பெரியப்பா, மூணு மணிக்கு டியூட்டி. வரலைன்னு சொல்லிட்டேனே!” என்று ஓடினாள்.

வைத்தியர் அசைந்தாரா? “தடை இல்லதான். இன்னைக்கு!” என்றார். அதைக் கேட்டு, தட்டோடு மூன்று பேர் அவரை நெருங்கி உட்கார்ந்தார்கள். இணையதளம் பதிலோடு நிறுத்திக்கொள்கிறது. இவர் கதையல்லவா சொல்கிறார்!

சிரிக்கிறீர்களா? நல்லது. யாராவது கேட்டதற்கு “எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்றேன்” என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? ஞாபகம் வரவில்லையா? அப்படியானால் அடுத்த விருந்தில் வாயில் ஒரு மோமோவைப் போட்டு மெதுவாக மெல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரின் வேலை அவரிடமே இருக்கட்டும்.