ஐந்து வகுப்பும் ஒரே கடலில்

திருவொற்றியூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய கரோலின் அக்காவுக்கு, தம்பி ஜெபசிங் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் என் சைக்கிளும் சுகம். மாத்தூரில் நீயும் அத்தானும் சுகம்தானே? போனில் சொன்னால் நடுவில் திட்டுவாய் என்பதால் கடிதம்.

அத்தானின் கன்டெய்னர் யார்டில் கணக்கெழுத ஆள் வேண்டும் என்றாயே, அந்த ஆள் நான்தான். வாத்தியார் வேலை எனக்குச் சரிப்படவில்லை.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமையாசிரியை சிலுவையம்மாள் டீச்சர் பாதி நாள் கூட்டத்துக்குப் போய்விடுவார். அப்போது ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லாரும் ஒரே அறையில், என் தலையில். நான் ஐந்தாம் வகுப்புக்குச் சூரிய குடும்பம் நடத்தினால் ஒன்றாம் வகுப்பு ரூஹி எழுந்து, "சார், சுத்திகினே இருந்தா பூமிக்கு மயக்கம் வராதா?" என்பாள். வருமோ என்று யோசித்தபடி ஜன்னலைப் பார்ப்பேன். வெளியே கடல், வெயிலில் கப்பல்கள் அரைத்தூக்கத்தில் நிற்கும். நான் திரும்புவதற்குள் இரண்டாம் வகுப்பின் சாக்பீஸை மூன்றாம் வகுப்பு தின்று முடித்திருக்கும்.

இதில் ஜீனத் என்றொரு பெண். வயதால் ஐந்தாம் வகுப்பு. அப்பா கமாலுதீன் லாரி ஓட்டுகிறார். ஊர் ஊராக மாறியதில் அவளுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்காரச் சொன்னேன். "நான் இன்னா பாப்பாவா சார்?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சரி, நீதான் அவர்களுக்கு டீச்சர் என்றேன். அதற்கு இறங்கிவந்தாள். காலையில் நான் அவளுக்குச் சொல்லித்தரும் எழுத்தை, பகலில் அவர்களுக்கு அதட்டி அதட்டிச் சொல்லித்தருவாள். நானும் பெரிய ஆளாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நேற்று மதியம் ஒரே கூச்சல். ஐந்தாம் வகுப்புக்குக் கடல் பாடம், ஒன்றாம் வகுப்புக்குத் தூக்கம். இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று, "எல்லாரும் கண்ணை மூடிப் படுங்க, கடலுக்கு அடியில போறோம்" என்றேன். நானும் மூடினேன். பச்சை வெளிச்சம். தலைக்கு மேலே கப்பல்களின் வயிறு மேகம்போல நகர்ந்தது. பிள்ளைகள் என் சட்டை நுனியைப் பிடித்து மிதந்தார்கள். ஐந்து வகுப்பும் முதல்முறையாக அமைதி. என்னா சுகம் அக்கா! தூங்கியே போனேன்.

கண் விழித்தால் எதிரே பளபளவென்று ஒரு ஜோடி ஷூ. கல்வி அதிகாரி! ரூஹி அவருக்கு உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். "ஷ்ஷ்! சார் தண்ணிக்கு அடியில கீறாரு. நீயும் மூச்சு புடிச்சுகினு வா."

"இது எந்த வகுப்பு?" என்றார்.

"எல்லாம், சார்" என்றேன்.

அவர் மூச்சும் பிடிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. இருப்பதில் பெரியவளான ஜீனத்திடம் புத்தகத்தை நீட்டி, "படிம்மா" என்றார். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒன்றாம் வகுப்பு மொத்தமும் எட்டிப் பார்த்து, "கொம்பு போட்ட 'க' டீச்சரக்கா, கொம்பு!" என்று கத்தியது. உதவி செய்கிறார்களாம். ஜீனத் புத்தகத்தை வைத்துவிட்டு ஓடிப்போனாள். இன்று வரவேயில்லை.

அதிகாரி என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். அது கிடக்கட்டும். அவள் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பாடம் நடத்த முடியவில்லை அக்கா. கன்டெய்னரை நான் தப்பாக எண்ணினால் அது அழுதுகொண்டு ஓடாது. அத்தானிடம் இன்றே பேசு.

அத்தானுக்கு வணக்கம், உன் மகன் ஜோவுக்கு முத்தம். உங்கள் வீட்டுக்கு ஆண்டவர் ஆரோக்கியமும் கொஞ்சம் அமைதியும் அருளட்டும்.

உன் தம்பி,
ஜெபசிங்

பி.கு.: தபால்பெட்டிக்கு வரும் வழியில் கமாலுதீன் லாரியை நிறுத்தி என்னை மடக்கினார். அடிக்கப்போகிறார் என்று சைக்கிளோடு சாய்ந்துவிட்டேன். "இன்னா சார், ஒரே பேஜாரா கீது! வாங்கியாந்த பஜ்ஜிய இந்தப் பொண்ணு துன்ன வுட மாட்டேங்குது. சுத்தின பேப்பர மொதல்ல படிக்கணுமாம். ஆபீசரு திரும்பி வர்றதுக்குள்ள கத்துக்கணுமாம்" என்றார். லாரிக்குள் ஜீனத். என் முகத்தைப் பார்க்காமலே எண்ணெய்த் தாளை நீட்டி, "இது இன்னா எழுத்து சார்?" என்றாள். எனக்கும் தெரியவில்லை, அத்தனை எண்ணெய். மூன்று பேரும் தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தோம். எழுத்துகள் வெளிச்சத்தில் மிதந்தன. "ம... ழை" என்றாள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனாலும் நான் கையை நீட்டிப் பார்த்தேன்.

அத்தானை வேறு ஆள் பார்க்கச் சொல். கவரை ஒட்டியாகிவிட்டது, அதனால் இதை அதன் முதுகில் எழுதுகிறேன். இதை முதலில் படி.