மூன்றாவது பொத்தான்

"படம் இல்லாட்டிக் கல்லில பேர் போட ஏலாது அங்கிள்," என்று டில்ஷானி றேமண்டிடம் மூன்றாம் முறையாகச் சொன்னாள்.

கொழும்பு, கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் புது மண்டபம் எழும்பியிருந்தது. ஊரின் பழைய குடும்பங்களின் பெயர்களை அங்கே சலவைக்கல்லில் வெட்டப் போகிறார்கள். திறப்பு விழாவன்று அந்தக் குடும்பங்களின் படங்களும் வைக்கப்பட வேண்டும். விழாக் குழுச் செயலாளர் டில்ஷானியிடம் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது.

"நாங்கள் வெள்ளைக்காரன் பட்டம் குடுத்த முதலியார் பரம்பரை, பிள்ளை. நாலு பேரின்ட படம் எங்கட ஹோலில தொங்கினது."

"இப்ப எங்க?"

எங்கே என்று றேமண்டுக்கே தெரியாது. எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் வீட்டை உடைத்தவர்கள் கதிரை, கட்டில், குசினிச் சட்டியோடு படங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது அவருக்கு ஒன்பது வயது. இப்போது துறைமுகத்தில் கிளார்க். பிள்ளைகள் இல்லை. அவரோடு அந்தப் பெயர் முடிந்துவிடும். கல்லில் ஏறினால் மட்டும் நிற்கும். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

தேடலாம் என்றால், முகங்கள் நினைவில் இல்லை. படங்கள் பெரியவை, உயரத்தில் தொங்கியவை. ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே இருந்தது கோட்டு மட்டும். பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கறுப்புக் கோட்டு. நாலு படத்திலும் மேலிருந்து மூன்றாவது பொத்தான் கிடையாது. "அப்பன் போட்ட கோட்டை மகன் போடுறது எங்கட வழக்கம்," என்று தகப்பனார் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார்.

முதல் படம் வெள்ளவத்தையில், ஸவாஹிரின் பழைய தளபாடக் கடையில் அகப்பட்டது. சுவரைப் பார்த்தபடி நின்றது.

"எங்கட மார்க்கத்துல உருவப்படத்த முன்னுக்கு வெக்கிறல்ல சேர், அதான் திருப்பி வெச்சிரிக்கி," என்றார் ஸவாஹிர்.

றேமண்ட் திருப்பிப் பார்த்தார். கறுப்புக் கோட்டு. மூன்றாவது பொத்தான் இல்லை. கண் கலங்கிவிட்டது. வீட்டுச் சுவர்மணிக்கூட்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்.

இரண்டாவது, முகத்துவாரத்தில் ஒரு மீனவர் வீட்டில், மாலையும் விளக்குமாக இருந்தது.

"இவர் ஆர் தெரியுமோ?"

"தெரியாது. ஆனா இவர் வந்த பிறகு வலையில மீன் விழுது."

அவரைப் பிரித்துக்கொண்டு வர மின்விசிறி போயிற்று. மூன்றாவதுக்கு அலுமாரி. நாலாவதுக்குத் தையல் மெஷின். அது மனைவி மரியகொறற்றியுடையது. அவள் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை.

"முடிஞ்சுது, நாலும் வந்திட்டுது," என்று அவர் சமாதானம் சொன்ன அன்றே ஸவாஹிர் போன் எடுத்தார்.

"சேர், உங்கட கோட்டு இன்னொண்டு வந்திரிக்கி."

ஐந்தாவது! நாலு பேரில் ஐந்தாவது எப்படி? ஒருவர் அந்நியர். ஆனால் எவர்? எல்லாரும் ஒரே கோட்டு. சொந்தப் பாட்டனைக் கடைச் சுவரைப் பார்க்க விட்டுவிட்டு வந்தால் செத்தாலும் மனம் ஆறாது. பாட்டனுக்கு ஒரு தம்பி இருந்திருக்கலாம். அதையும் கொண்டுவந்தார். பிறகு மட்டக்குளியில் ஒன்று. பிறகு இரண்டு. செய்தி பரவி, கோட்டுப் போட்ட ஆட்கள் முச்சக்கரவண்டியில் வாசலில் வந்து இறங்கத் தொடங்கினார்கள்.

"உங்கட குடும்பத்தில கிழமைக்கு ஒரு கிழவன் பிறக்கிறானே!" என்றாள் மரியகொறற்றி. "பதினொரு ஆம்பிளையள் பாத்துக்கொண்டிருக்க நான் எங்க உடுப்பு மாத்துறது?"

சாப்பாட்டு மேசையும் போயிருந்தது. அவள் நிலத்தில் அமர்ந்து, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். அதைப் பார்க்க றேமண்டுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

படங்களின் உடைந்த கண்ணாடிகளைத் தெருமுனை எட்வேட்டின் பிரேம் கடையில் மாற்றினார். எட்வேட்டுக்குக் கண் ஒப்பரேஷன்; கட்டோடு படுத்திருந்தார். மகள் நிலூஷாதான் வேலையைச் செய்து கொடுத்தாள்.

விழா நாள் வந்தது. பதினொரு பேரும் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு மேலே, கல்லில், முதலியார் பட்டத்தோடு குடும்பப் பெயர் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. றேமண்ட் எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு விம்மி அழுதார். வீடு வெறுமையானது வீண்போகவில்லை என்று பட்டது. மரியகொறற்றிகூட அவர் தோளில் கை வைத்தாள்.

அப்போதுதான் எட்வேட், கறுப்புக் கண்ணாடியோடு, நிலூஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். முதல் படத்துக்குக் கிட்டப் போய், பொத்தான் இல்லாத இடத்தில் விரலை வைத்தார். அடுத்ததிலும் வைத்தார். பதினொன்றிலும் வைத்தார். கிழவரின் முகம் மலர்ந்தது.

"நிலூஷா, இஞ்ச பார்! இது எங்கட தாத்தாவின்ட ஸ்டூடியோக் கோட்டு! படமெடுக்க வாற ஆக்களுக்குக் குடுக்கிறது. இந்தப் பொத்தானை என்ட அப்பா சின்னனில பிடுங்கி விழுங்கிப்போட்டார்!"

டில்ஷானி பேனாவை மூடினாள். றேமண்ட் எட்வேட்டின் கையைப் பிடித்தார்.

"அப்ப... முதலியார்மார் எல்லாரும் உங்கட கோட்டைப் போட்டுக்கொண்டோ படமெடுத்தவை?"

"சேச்சே!" என்றார் எட்வேட். "முதலியார்மார் தங்கட சொந்தக் கோட்டோட வருவினம். இது கோட்டு இல்லாத மற்ற ஆக்களுக்கு."