மூன்று டிவிக்கு ஒரே பெட்டி

இந்தத் தீபாவளி ஓபன் ஹவுஸில் தட்டைத் தொடுவதில்லை என்று வீரையா முடிவு கட்டிவிட்டார். முறுக்குத் தட்டு, அதிரசத் தட்டு, சிராப் தண்ணீர்க் குவளைகளை அடுக்கிய பெரிய தட்டு, எதையும் தொடுவதில்லை. பதினோரு வருடம் தூக்கியாயிற்று. உள்ளங்கையில் ரேகை இருக்கிறதோ இல்லையோ, தட்டின் விளிம்புத் தடம் இருக்கிறது.

வருடா வருடம் நடப்பது இதுதான். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, ஜாசினில் அவர் வீட்டில் ஓபன் ஹவுஸ். தாமான் குடியிருப்பு மொத்தமும் வரும். பத்து பெரண்டாம் என்கிற ஊரில் உள்ள பெக்டரியில் அவரோடு வேலை செய்கிற மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள். மனைவி இந்திராதேவி குசினியில் நின்று தட்டுகளை நிரப்புவாள். வீரையா குசினிக்கும் ஹாலுக்கும் நடப்பார். அந்த நடையை நேராக நடந்திருந்தால் இந்நேரம் ஈப்போ போய்ச் சேர்ந்து குளித்துச் சாப்பிட்டிருக்கலாம்.

இந்த வருடம் பார்த்து, அதே ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் பூப்பந்து, அதாவது பேட்மிண்டன், இறுதியாட்டம். மலேசியா ஆடுகிறது. நேரடி ஒளிபரப்பு, கூரைமேல் டிஷ் தட்டு மாட்டியவர்கள் வீட்டில் மட்டும். வீரையாவுக்குப் பூப்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆட்டம் பார்க்கும்போது அவர் கால் தன்னால் ஆடும். பந்து வெளியே விழுந்தால் அவருக்கு வயிறு வலிக்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் பதினோரு வருடமாக எந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வந்தாலும் யாராவது ஒரு விருந்தாளிக்கு முறுக்கு நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

கேண்டீனில் வைத்துக் கிளாரன்ஸிடம் சொல்லியும் விட்டார். கிளாரன்ஸ் அவருக்குக் கீழே வேலை செய்கிறவன், கிளேபாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவன்.

"என் வீட்டுக்கு வந்துரு. பின் ரூம், தனி டிவி. கதவச் சாத்திட்டு ஒரு பாயிண்ட் விடாமப் பாப்போம்."

"ஓபன் ஹவுஸ் அன்னிக்கா? அண்ணி விடுவாங்களாண்ணே?"

"விடுறதுக்கும் விடாததுக்கும் அவ யாரு? வீடு யாரு பேருல இருக்கு?"

வீடு இந்திராதேவி பேரில்தான் இருந்தது. நல்லவேளை, கிளாரன்ஸுக்கு அது தெரியாது.

திட்டம் சுத்தமான திட்டம். வீட்டில் மூன்று டிவி. ஹாலில் பெரியது. குசினியில் மச்சான் கொடுத்த சின்னது. பின் ரூமில் பழையது, தலையில் ஒன்று போட்டால்தான் படம் வரும். ஹால் டிவியில் கார்ட்டூன் ஓடினால் விருந்தாளிகளின் பிள்ளைகள் அசையாது. குசினி டிவியில் அழுகைத் தொடர் ஓடினால் இந்திராதேவி அசைய மாட்டாள். பின் ரூமில் பூப்பந்து. கையிலுள்ள தட்டை இறக்க வேண்டுமானால் கூரைமேல் ஒரு தட்டை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தட்டுக்குக் கீழே எந்த டிகோடர் பெட்டியை வைப்பது என்பதில்தான் சிக்கல். மூன்று சனிக்கிழமைகளை வீரையா அதற்குக் கொடுத்தார். டவுனில் உள்ள கடைகளில் ஏறி இறங்கினார். விளம்பரத் தாள்களை மடித்து மடித்துச் சட்டைப் பை கிழிந்தது. கட்டம் போட்ட தாளில் வீட்டை வரைந்து, சிவப்புப் பேனாவில் வயர் இழுத்தார். மகள் தேவமலரின் கணக்குப் புத்தகத்தில் பாதி பக்கங்கள் காணாமல் போயின.

கடைசியில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கடைக்கு இந்திராதேவியையும் கூட்டிக்கொண்டு போனார். தவுக்கே நல்ல மனிதர். மலாயில் பொறுமையாகச் சொன்னார்: மூன்று டிவிக்கு மூன்று பெட்டி வாங்குவது நல்லது.

"ஒரே பெட்டியில மூணு டிவிக்கும் இழுக்க முடியுமா, முடியாதா?"

"முடியும். ஸ்பிலிட்டர் போட்டு வயரப் பிரிக்கலாம். பூஸ்டர் வச்சா படம் தெளிவா வரும். ஆனா..."

"ஆனா எல்லாம் வேணாம் தவுக்கே. முடியும்னா முடியும்."

அந்த 'ஆனா'வை முடிக்க விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. வெளியே வந்ததும் இந்திராதேவி கேட்டாள்.

"அவர் என்னமோ சொல்ல வந்தாரே?"

"மூணு பெட்டி விக்கப் பாக்குறான். வியாபாரின்னா அப்படித்தான். உனக்குப் புரியிற மாதிரி சொல்றேன் கேளு. உங்கப்பா நியாலாஸ் தோட்டத்துல என்ன வேல பாத்தாரு?"

"தண்ணித் தொட்டி வேல."

"எத்தன தொட்டி?"

"ஒண்ணு."

"குழா?"

"லயத்து வீட்டு வரிசைக்கு ரெண்டு. மொத்தம் பதினாறு."

"குழாய்க்கு ஒரு தொட்டியா கட்டிக் குடுத்தான் தொர? ஒரே தொட்டி, பதினாறு குழா. அவங்கவங்க குழாய அவங்கவங்க தொறந்துக்க வேண்டியது. அதேதான் இது. பெட்டிதான் தொட்டி. டிவிதான் குழா. வெளங்குச்சா?"

இந்திராதேவி பஸ் நிலையம் வரை யோசித்துக்கொண்டே நடந்தாள். பிறகு சொன்னாள்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்த வார்த்தையை அவள் இதற்குமுன் இரண்டே தடவைதான் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை அவர் கோழிப்பண்ணை வைத்தார். இன்னொரு தடவை சொந்தமாகக் கூரை மாற்றினார். இரண்டும் என்ன ஆனது என்று தாமானில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்போதாவது வீரையா சுதாரித்திருக்கலாம். அவரோ நாலு வழி ஸ்பிலிட்டர் கிடைத்த பெருமையில் இருந்தார்.

"டிவி மூணுதான இருக்கு? நாலாவது வழி எதுக்கு, பழைய கோழிக்கூண்டுக்கா?" என்றாள் இந்திராதேவி.

"வருங்காலத்துக்கு!" என்றார் வீரையா.

பெட்டியைப் பின் ரூமில் வைப்பதாகத்தான் முதலில் இருந்தது. இந்திராதேவி மறுத்துப் பேசவே இல்லை. சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"அங்க அரிசி மூட்ட கிடக்கே. எலி வயரக் கடிச்சா?"

"அப்ப ஹால்ல வைப்போம்."

"ஓபன் ஹவுஸுக்கு வர்ற பிள்ளைங்க பட்டனப் போட்டு நோண்டுமே. வீட்டுக்கு நடுவுல எதுங்க?"

வீரையா தாளைப் பார்த்தார். நடுவில் குசினி. குசினியில் ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டி மேல் இடம். டேப் வைத்து அளந்தார். இரண்டு முறை அளந்தார். கண் பளபளத்தது.

"தேவி! குசினியில வச்சா பதினெட்டு அடி வயரு மிச்சம், வாங்கவே வேணாம்! இது ஒருத்தனுக்கும் தோணியிருக்காது!"

"உங்களுக்குத் தோணுச்சே," என்றாள் இந்திராதேவி.

ஓபன் ஹவுஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். வீரையா பெட்டியைப் போட்டார். குசினியில் செய்தி வாசிப்பவர் தெரிந்தார். ஹாலுக்கு ஓடினார், அங்கேயும் தெரிந்தார். பின் ரூமுக்கு ஓடி டிவியின் தலையில் ஒன்று போட்டார், அங்கேயும் அவரே.

"மூணுலயும் வருது! மூணுலயும் வருது!" என்று வீடு முழுக்கக் கத்தினார்.

"ஆமாங்க," என்றாள் இந்திராதேவி முறுக்கு பிழிந்துகொண்டே. "மூணுலயும் ஒரே ஆளுதான் வாசிக்கிறாரு."

"அதாம்மா வெற்றி!"

வேறு சேனல் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மாவு தூக்க, நாற்காலி அடுக்க, கோழி வெட்டிக் கொண்டுவர என்று அவரை அந்த வீடு விட்டால்தானே.

ஞாயிறு வந்தது. பதினொரு மணிக்கே ஹால் நிரம்பியது. பெக்டரி மேனேஜரே மூன்று பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்துவிட்டார். வீரையா இரண்டரை மணி வரை நல்ல பிள்ளையாக நடந்தார். மூன்றாகச் சில நிமிடம் இருக்கும்போது நெற்றியைப் பிடித்தார்.

"தேவி, தல விண்ணு விண்ணுன்னு வலிக்குது. கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்."

"போய்ப் படுங்க. கிளாரன்ஸ் தம்பி அப்பவே வந்து உங்க ரூம்ல இருக்கு. அதுக்கும் தலவலியாம்."

வீரையா சட்டென்று பின் ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். கிளாரன்ஸ் அரிசி மூட்டையில் உட்கார்ந்திருந்தான். டிவியில் ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். வீரையாவுக்குக் கண் கலங்கியது. பதினோரு வருடத்துக்குப் பிறகு, சொந்த வீட்டில், சொந்த டிவியில், கையில் தட்டு இல்லாமல்.

முதல் செட் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. மலேசியாக்காரர் துள்ளி எழும்பினார். மட்டை ஓங்கியது. வீரையாவும் கட்டிலிலிருந்து எழும்பினார்.

டிவியில் ஓர் அம்மாள் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"யாருண்ணே இது?" என்றான் கிளாரன்ஸ்.

வீரையா டிவியின் தலையில் ஒன்று போட்டார். அம்மாள் இன்னும் சத்தமாக அழுதாள். ஹாலிலிருந்தும் அதே அழுகை கேட்டது. மேனேஜரின் பிள்ளைகள் கார்ட்டூன் வேண்டும் என்று கூடவே அழுதன. வீரையா குசினிக்குப் பறந்தார்.

அங்கே அடுத்த வீட்டு வேலாயி அக்காவும் இன்னும் நாலு பெண்களும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். இந்திராதேவியின் இடுப்பில் ரிமோட் செருகியிருந்தது.

"தேவி! ஆட்டத்தப் போடு!"

"இங்க எதுக்குங்க ஆட்டம்? உங்களுக்குத்தான் தனி டிவி இருக்கே, அதுல பாருங்க."

"அதுலயும் இந்த அம்மாதான் அழுவுது!"

"அப்படியா?" இந்திராதேவி கன்னத்தில் கை வைத்தாள். "நாலாவது வழியில போட்டுப் பாத்தீங்களா?"

வேலாயி அக்கா களுக்கென்று சிரித்தாள்.

"தேவி, வெளயாடாத. ஏன் இப்படி ஆவுது?"

"நீங்கதானங்க சொன்னீங்க, இது தொட்டி, அது குழான்னு. எங்க தோட்டத்துல பதினாறு குழாயிலயும் ஒரே தண்ணிதாங்க வந்துச்சு. ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல கோப்பி, ஒண்ணுல கள்ளுன்னு வரலியே."

வீரையாவுக்குத் தவுக்கேயின் 'ஆனா' இப்போதுதான் முழுதாகக் கேட்டது.

"சரி, ஆம்பள அழுதா நல்லா இருக்காது," என்றாள் இந்திராதேவி. "இந்த முறுக்குத் தட்ட ஹாலுக்குக் கொண்டு போங்க. அஞ்சு நிமிஷம் ஆட்டம் விடுறேன். எங்கப்பாவும் இப்படித்தான் நேரம் வச்சு விடுவாரு."

வேறு வழி? வீரையா தட்டைத் தூக்கினார். பூப்பந்து வந்தது. ஹாலில் ஒவ்வொருவரிடமும் நீட்டி, மேனேஜரிடம் இரண்டு வார்த்தை பேசி, பின் ரூமுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தூணைப் பிடித்த அம்மாள் திரும்பவும் வந்துவிட்டாள். குசினிக்கு ஓடினார். அதிரசத் தட்டு கைக்கு வந்தது. பூப்பந்து வந்தது. பின் ரூமுக்கு ஓடினார். கார்ட்டூன் எலி பல்லைக் காட்டியது, அது மேனேஜர் பிள்ளைகளின் முறை. சிராப் தட்டு. கோழிப் பிரட்டல் தட்டு. திரும்ப முறுக்கு. ஒவ்வொரு ஐந்து நிமிடமும் வீரையா சம்பாதித்தது. ஒவ்வொரு ஐந்து நிமிடமும் கால் நீட்டிப் பார்த்தது கிளாரன்ஸ்.

ஹாலில் நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால், அங்கே டிவி முன்னால் மேனேஜரின் முதுகு. அது அகலமான முதுகு. கடைசிப் பாயிண்டின்போது வீரையா அந்த முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு குவளைகளோடு நின்றுகொண்டிருந்தார். வீடே 'ஹோ' என்று கத்தியது. யார் ஜெயித்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

"நாமதான்ணே!" என்று கிளாரன்ஸ் ஓடிவந்து அவர் கையைக் குலுக்கினான். நாலு குவளை கீழே விழுந்தது. "என்னா ஆட்டம்! இவ்வளவு சுகமா நான் பார்த்ததே இல்ல லா. அடுத்த வருஷமும் வந்துடுறேன்ணே!"

எல்லாரும் போன பிறகு வீரையா குசினி வாசலில் வந்து நின்றார். கால் வீங்கியிருந்தது.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்குள்ள தெரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?" இந்திராதேவி கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "எங்கப்பா முப்பது வருஷம் தொட்டிப் பக்கத்துலதாங்க உக்காந்திருந்தாரு. குழாய்ப் பக்கத்துல நின்னவங்கதான் நாள் பூரா சண்ட போட்டாங்க. நான் எங்க உக்காருவேன், சொல்லுங்க."

வீரையா முஷ்டியை இறுக்கினார். பெயருக்கு ஏற்ற குரல் ஒன்று அவருக்குள்ளிருந்து கிளம்பியது.

"நாளைக்கே பெட்டிய என் ரூமுக்கு மாத்துறேன். எலி கடிச்சாலும் சரி, புலி கடிச்சாலும் சரி!"

"தாராளமா மாத்துங்க," என்றாள் இந்திராதேவி கையைத் துடைத்துக்கொண்டே. "ஆனா வயருதான் பதினெட்டு அடி பத்தாது."