நல்ல சகுனத்துக்குக் கிடைத்த வேலை

கே.கே. நகர், மதுரை.
செவ்வாய்க்கிழமை.

திருமங்கலத்தில் வாழும் மதிப்புக்குரிய மச்சான் பீமாராவ் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி முத்துமீனாவைக் கட்டிய தவசி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே முத்துமீனா நலம், ரொம்ப நலம், இதற்கு மேல் ஒரு மனுஷி நலமாக இருக்க முடியாது. மகள் இசைவாணியும் நலம். அங்கே நீங்களும் சுபலட்சுமி அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் நலத்தை நீங்கள் விசாரிக்க வேண்டாம், விசாரிக்காமலே கீழே எழுதியிருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் அடுத்த அறையில் அவளுக்குக் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் போனை முதலில் பார்ப்பது அக்கா, அக்கா உடனே கூப்பிடுவது முத்துமீனாவை. ஆகவே நாலு தாள் வாங்கி, மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் துணி எடுக்க வருவதற்குள் முடிக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த டயர் கடையை முதலாளி மூடிவிட்டுக் கோயம்புத்தூர் போனது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நானும் போகாத நேர்காணல் இல்லை. காளவாசலில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் விற்கிற பெரிய ஷோரூம் ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். அதில் வாடிக்கையாளர் குறை கேட்கும் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. கண்ணாடித் தடுப்பு, சக்கரம் வைத்த நாற்காலி, கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. பார்த்ததுமே இது எனக்காகவே செய்த வேலை என்று முடிவு செய்துவிட்டேன். யூடியூபில் நேர்காணலுக்குத் தயாராவது எப்படி என்று எத்தனை பேர் சொல்லித்தருகிறார்களோ அத்தனை பேரையும் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று கைகுலுக்கினேன். முத்துமீனா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கோவமா வர்ற கஸ்டமரை எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கேட்பாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "முதலில் அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பேன், அடுத்து அவர் பக்கம் உள்ள நியாயத்தை ஏற்றுக்கொள்வேன், பிறகு என்ன செய்யலாம் என்று அவரையே கேட்பேன்" என்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு "நல்லாருக்குங்க" என்பாள். வெங்காயத்துக்காகவா, பதிலுக்காகவா என்று நான் ஆராயவில்லை.

இனி எழுதப்போவதை வைத்து நீங்கள் என்னைத் திட்டக் கூடாது. சகுனம் என்ற வார்த்தையைக் கேட்டாலே பந்தியிலிருந்து எழுந்து போகிற ஆள் நீங்கள். ஆனால் நான் பார்ப்பேன். ஒவ்வொரு நேர்காணலுக்குக் கிளம்பும்போதும் முத்துமீனா நிறைகுடத்தோடு வாசலில் எனக்கு எதிரே வருவாள். அப்படியும் ஒன்றும் அமையவில்லை. யோசித்துப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது. கே.கே. நகரில் பார்த்த சகுனம் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்பதற்குள்ளேயே ஆறிப்போகிறது. சகுனத்தைச் சூடாகப் பார்க்க வேண்டும் என்றால் அந்த ஆபீஸ் வாசலிலேயே பார்க்க வேண்டும். ஆகவே போன வெள்ளிக்கிழமை அவளையும் பித்தளைக் குடத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு காளவாசல் போனேன்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் என் முதுகில் தண்ணீர் ஊற்றியது. போய்ச் சேரும்போது குடத்தில் பாதி கூட இல்லை. குறைகுடம் எதிரே வந்தால் குடும்பத்துக்கே ஆகாது என்று ஒரு டீக்கடையில் நிரப்பச் சொன்னேன். பிறகு அவள் ஷோரூம் கேட்டுக்குள் போய், அங்கிருந்து வெளியே வர வேண்டும், நான் உள்ளே போக வேண்டும், இதுதான் ஏற்பாடு. வாட்ச்மேன் விட்டால்தானே! "யாரும்மா நீங்க, என்ன வேணும்?" என்றார். "ஒண்ணும் வேணாம்ணே, உள்ள போயிட்டு உடனே வெளிய வந்துருவேன்" என்று சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். முதல் தடவை வரும்போது குறுக்கே ஒருத்தர் காலி அட்டைப்பெட்டியோடு போனார். திரும்பப் போய் வரச் சொன்னேன். இரண்டாவது தடவை எனக்கு எதிரே பார்க்காமல் வாட்ச்மேனைப் பார்த்து வந்தாள். அடுத்த தடவை கேட்டிலேயே குடம் இடித்துத் தண்ணீர் என் பேண்ட்டில் கொட்டியது. எனக்கு வந்த கோபத்தில், "ஒரு குடத்தத் தூக்கிக்கிட்டு நேரா வரத் தெரியல, இம்புட்டு வயசுக்கு என்னதான் கத்துக்கிட்ட!" என்று ரோடே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். அதிலிருந்தே ஒரு கை தண்ணீர் அள்ளி, "மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க. கோவம் நியாயந்தான், தப்பு எம் மேலதான். இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிருவோம்" என்றாள். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. டீக்கடையில் மறுபடியும் குடத்தை நிரப்பிக்கொண்டு, நாலாவது தடவை அழகாக, நேராக, நிறைவாக வந்தாள். நானும் ராஜா மாதிரி உள்ளே போனேன்.

மேலே முதலாளியம்மா உட்கார்ந்திருந்தார். முதல் கேள்வியே நான் காத்திருந்த கேள்வி. கோபமாக வருகிறவரை எப்படிச் சமாளிப்பீர்கள்? மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அந்த அம்மா கண்ணாடிச் சன்னல் வழியாகக் கீழே காட்டி, "சார், நீங்க சொன்ன மூணையும் அந்தம்மா கொஞ்ச நேரத்துக்கு முன்னால கேட் வாசல்ல செஞ்சாங்க. சத்தம் கேட்டு நானும் சன்னலத் திறந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டும் கேட்டுக்கிட்டும்தான் இருந்தேன். அங்க கோவமா நின்னது நீங்கதானே?" என்றார். பேண்ட் வேறு ஈரமாக இருந்தது, மறுக்க வழியில்லை. "அவங்க யாரு?" என்றார். "என் சம்சாரம்." "கூப்பிடுங்க."

அவ்வளவுதான் மச்சான். நான் வராந்தாவில் குடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் முகத்தில், கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத வெளிச்சம். வருகிற திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். "போகட்டுமாங்க?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். இத்தனை வருஷமாக "உன் இஷ்டம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம், அது அவளுக்கும் தெரியும். இந்தத் தடவை மட்டும் தெரியாதவள் மாதிரி "சரிங்க" என்று சொல்லிவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமைதான். வயிறு எரிகிறது. நேற்று அடையாள அட்டை வந்தது. காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் கழுத்தில் போட்டுப் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது, போட்டோவில் மட்டும் அவள் இருந்தாள். மாடி வீட்டு அம்மா தன் மிக்ஸி ஓடவில்லை என்று இப்போதே இவளிடம் வந்து நிற்கிறார். மகள் அவளை "மேடம்" என்று கூப்பிடுகிறாள். எனக்கு ஒன்று மட்டும் ஆறவில்லை. நான் கத்தும்போதெல்லாம் அவள் அமைதியாக இருந்தது பயத்தினால் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது திறமை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைவிட, யார் சகுனத்தில் யாருக்கு வேலை கிடைத்தது என்று பாருங்கள். அவள் எனக்கு எதிரே வந்தாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் அல்லவா அவளுக்கு எதிரே போயிருக்கிறேன், அதுவும் நாலு தடவை!

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் வந்து, வீட்டில் வேலை கெட்டுப்போகும், பிள்ளை படிப்பு கெடும் என்று எதையாவது சொல்லி அவளை நிறுத்த வேண்டும். நான் சொன்னால் "உங்க கோவம் நியாயந்தான்" என்பாள். அதற்கு மேல் என்னால் பேச முடிவதில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பெரியவர்கள் எல்லாருக்கும் என் பணிவு, சின்னவர்களுக்கு என் ஆசி, உங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
வேலையும் போய் மரியாதையும் போய்க்கொண்டிருக்கும்,
தவசி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். துணி எடுக்க வந்தவள், அதைக் கண்டும் காணாதவள் மாதிரி ஒரு செய்தி சொன்னாள். அதே ஷோரூமில் குடோனுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். இவள் போனில் என்னைச் சொல்லியிருக்கிறாள். "கோவம் இல்லாத நாளாப் பார்த்து வரச் சொல்லும்மா" என்றாராம் முதலாளியம்மா. அடுத்த செவ்வாய்க்கிழமை நேர்காணல். இந்தக் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, நன்றாக வந்திருக்கிறது, படியுங்கள். ஆனால் இதில் கேட்டதை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் தங்கச்சி திங்கட்கிழமை கண்டிப்பாக வேலையில் சேர வேண்டும். அவள் உள்ளே இருந்தால்தானே மச்சான், நான் போகும்போது எனக்கு எதிரே வர முடியும்?