பேரில்லாத காலண்டர்

காலண்டரைக் கழற்றிய இடத்தில் மட்டும் சுவர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. அன்பரசன் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு ஆணியையும் பிடுங்கினான்.

"காலண்டர் உங்களை என்ன கடிச்சுதா?" என்றாள் மனைவி பானுப்பிரியா.

"அதுல சீனிவாசகம் மெடிக்கல்னு போட்டிருக்கு."

"குடுத்தது அவுகதான? பெறகு யார் பேரைப் போடுவாக?"

அன்பரசன் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். கம்பெனி செலவில் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுக்க எந்தக் கடை சரி என்று விசாரித்துச் சொல்லும் பொறுப்பை முதலாளி தங்கச்சாமி அவனிடம் விட்டிருந்தார்.

"எந்தக் கடையோடயும் உனக்கு ஒட்டுறவு இருக்கக் கூடாது. நீ சொல்ற வரைக்கும் பழைய கடையே ஓடட்டும்," என்றிருந்தார்.

பழைய கடை தனுஷ்கோடி அண்ணாச்சியுடையது. கரித்தூள் சலிக்கும் குருவம்மாளுக்கு அங்கிருந்து வந்த மருந்து தீர்ந்ததே தவிர இருமல் தீரவில்லை. இனி சீனிவாசகம் கடையா, செல்லச்சாமி கடையா என்பதுதான் கேள்வி. நியாயமாகப் பார்த்துத்தான் சொல்வது என்று அன்பரசன் உறுதி பூண்டிருந்தான்.

மறுநாள் காலையிலேயே சீனிவாசகம் வாசலில் வந்து நின்றார்.

"என் காலண்டரைக் கழட்டிட்டீகளாமே தம்பி? செல்லச்சாமி பக்கம் சாஞ்சாச்சோ?"

"ஐயையோ, இல்ல அண்ணாச்சி!"

அதை நிரூபிக்க, செல்லச்சாமியிடமும் ஒரு காலண்டர் வாங்கி இரண்டையும் மாட்டினான். சாயங்காலமே செல்லச்சாமி வந்துவிட்டார்.

"அவரு முருகன் நடுச்சுவர்ல ஜம்முனு இருக்காரு. எம் பிள்ளையாரு கதவுக்குப் பின்னாடி. ஒவ்வொரு தடவ கதவத் திறக்கவும் அவரு மண்டையில இடி!"

அன்பரசன் முருகனையும் பிள்ளையாரையும் சேர்த்தே இறக்கினான். வீட்டில் தேதி தெரியாமல் போயிற்று. கொழுந்தியாள் வளைகாப்புக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு சாத்தூருக்குப் போய் இறங்கினால், அங்கே பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்தே முடிஞ்சு போச்சாம்! எந்தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்?" பானுப்பிரியா பஸ்ஸில் வழி நெடுக அழுதாள். "நாளைக்கே வீட்டுக்குக் காலண்டர் வந்தாகணும்."

அன்பரசன் சிவகாசிக்குப் போய், ஒரு அச்சகத்தில் நுழைந்தான்.

"பேரில்லாத காலண்டர் ஒண்ணு வேணும்."

அச்சகக்காரர் சோலைச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏந்தம்பி, பேரைப் போடத்தான காலண்டரே அடிக்கிறோம்! தேதி பாக்கவா?" இருந்தாலும் மனமிரங்கி, பெயர் அச்சிடாத மாதிரிக் காலண்டர் ஒன்றைக் கொடுத்தார்.

ஒரு வாரம் நிம்மதியாகப் போனது. பிறகுதான் தெரிந்தது, சோலைச்சாமி செல்லச்சாமியின் சொந்த மச்சானாம். அன்பரசன் அந்தக் காலண்டரையும் கழற்றினான். ஓசிக் காலண்டர் தன் புத்தியைச் சாய்த்திருக்குமோ? அதுவரை பார்த்ததையெல்லாம் தள்ளிவிட்டு விசாரணையை முதலிலிருந்து தொடங்கினான்.

பொங்கலுக்கு ஆரம்பித்த வேலை. இப்போது தீபாவளி ஆர்டருக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது.

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லித் தொலைங்க தம்பி," என்றாள் குருவம்மாள். "இருமி இருமி விலாவெல்லாம் விட்டுப் போச்சு."

"நியாயமா நடக்கணும்லக்கா?"

"நியாயத்துக்கு என்ன, அதுக்கு இருமலா வருது?"

அன்றைக்கும் தனுஷ்கோடி கடையிலிருந்துதான் மருந்துப் பெட்டி வந்தது. தூக்கி வந்த கடையாள் வேலுச்சாமி, அதை இறக்கி வைத்துவிட்டு ஆபீஸின் மொட்டைச் சுவரைப் பார்த்தார்.

"என்ன சார், இங்கனயும் காலண்டர் இல்லியா?"

"இல்ல. உங்க அண்ணாச்சிட்டயும் சொல்லிருங்க," அன்பரசன் நெஞ்சை நிமிர்த்தினான். "எம்புட்டு நாளானாலும் சரி, நான் யாருக்கும் சாய மாட்டேன்."

வேலுச்சாமி போன தடவை வைத்துப் போன காலிப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"அது அவுகளுக்குத் தெரியாதா சார்? 'அன்பரசன்ட்ட விடுங்க, அவரு லேசுல ஒரு முடிவுக்கு வர மாட்டாரு'ன்னு உங்க முதலாளிட்ட உங்க பேரைச் சொன்னதே எங்க அண்ணாச்சிதான!"