ஆறு வாரத்துக்கு ஒரு மா கின் வின்

"பக்கத்து நாற்காலி காலியா இருந்தா வருகை கிடையாது," என்றார் வகுப்பெடுக்கும் ஆசிரியை ஹாஜரா சயாமா.

தேவராஜ் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். அதில் ஆற்றோர ஜன்னல் வழியே வந்த வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது.

"வீட்டுக்காரிக்கு வயித்து வலி சயாமா. அடுத்த வாரம் வந்துடுவா."

"இந்த ஒரு வாரம் மன்னிக்கிறேன். மிச்ச அஞ்சு வாரமும் ஜோடியா வந்தாத்தான் சங்கம் பிரிவுக் கடிதம் கொடுக்கும். பிள்ளை எந்த நாள் யார்கிட்ட இருக்கும்னு அதுலதான் எழுதுவாங்க. தெரியுமில்ல?"

தெரியும். அதற்காகத்தான் வந்திருந்தான். பிரிய நினைக்கும் தம்பதிக்குப் பிள்ளை இருந்தால் பெற்றோர் வகுப்பு கட்டாயம் என்று தமிழர் சங்கம் புதிதாக விதி போட்டிருந்தது. மனைவி சத்யபாமா நான்கு மாதமாக இன்சீனில் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒன்பது வயது மகள் நிலாரும் அங்கேதான். கடிதம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவனுடையது. யார் மனம் மாறினாலும் எழுத்து மாறாது. இப்போதைக்கு, மகளோடு ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பது என்று கற்றுக்கொள்வதிலேயே அவனுடைய ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கழியவிருந்தன.

சத்யபாமாவை வரச்சொல்லிக் கேட்கலாம். ஆனால் வீட்டை விட்டுப் போன அன்று அவள், "இனிமே உங்ககூட ஒரே பெஞ்சுல உட்கார மாட்டேன்," என்று சொல்லியிருந்தாள். கேட்டால் மறுப்பாள். மறுத்தால், மகளை அவனிடம் விட அவளுக்கு மனமில்லை என்று அர்த்தமாகிவிடும். கேட்காதவரை அந்த அர்த்தம் வராது.

மறுநாள் காலை போட்டாதாங் படகுத்துறையில் மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்கும் வேலம்மாவிடம் புலம்பினான். பக்கத்துக் கிட்டங்கியில் மூட்டை கணக்கெடுக்கும் வேலை அவனுக்கு. பத்து வருடமாக அவளிடம்தான் காலைச் சாப்பாடு.

"உங்க வீட்டம்மாவுக்கு அட்டையில என்ன பேருண்ணே?"

"மா கின் வின்."

வேலம்மா இடுப்புப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். மா கின் வின். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர வந்த தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பர்மியப் பெயர் எழுத வேண்டியிருந்தது. பதிவெழுதிய ஆசிரியருக்குத் தெரிந்தது நாலைந்து பெயர்தான்.

"அங்க ஃபேன் ஓடுமா?" என்று கேட்டாள்.

"கரண்ட் இருந்தா ஓடும்."

"அப்ப வரேன். உட்கார்ந்து பல வருஷமாச்சு."

அடுத்த ஞாயிறு அவள் பர்மியப் பெண்கள் மாதிரி பட்டு லுங்கி கட்டி வந்து, நாற்காலியை நிறைத்து உட்கார்ந்தாள். கணவனிடம் என்ன குறை என்று சயாமா கேட்டார். சொல்லிக்கொடுத்தது எதுவும் வேலம்மாவுக்கு நினைவில்லை. செத்துப்போன தன் புருஷனை எடுத்துவிட்டாள்.

"பக்கத்துலதான் இருப்பாரு சயாமா. கூப்பிட்டா, மூணாவது தரம்தான் திரும்புவாரு. அதுக்குள்ள என்ன சொல்ல வந்தோம்னு நமக்கே மறந்துடும்."

ஆற்றில் ஒரு படகு ஊதியது. மின்விசிறி நின்றது. தேவராஜுக்கு அந்தக் குறை எங்கோ கேட்டதுபோல் இருந்தது. சத்யபாமாவும் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கும் அவன் மூன்றாவது தரம்தான் திரும்பினான்.

அவன் கண்ணைத் துடைத்தான். சயாமா குறித்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் கேட்கும் பயிற்சி. ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும், மற்றவர் வாய் திறக்கக் கூடாது. வேலம்மா இருபது நிமிடம் பேசினாள். மழை பெய்துகொண்டிருந்தது. தேவராஜ் அரைக்கண் மூடி, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான். வகுப்பு முழுதும் அவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"பாருங்க," என்றார் சயாமா. "இதுதான் தம்பதி. இவங்களுக்குப் பிரிவுக் கடிதம் வேண்டாம்னு நான் எழுதப்போறேன்."

படி இறங்கும்போது தேவராஜ் அவளை நிறுத்தினான். "கெடுத்துட்டியே வேலம்மா."

"கவலைப்படாதீங்கண்ணே. அடுத்த வாரம் கிழிச்சிடறேன்."

கிழித்தாள். குளித்த துண்டைக் கட்டிலில் போடுவது, குழம்பில் கறிவேப்பிலையைத் தேடித் தேடிப் பொறுக்குவது, மாமியார் வீட்டு விசேஷத்தில் தூங்குவது என்று ஒன்று விடவில்லை. தேவராஜும் பதிலுக்குக் கத்தினான். கடைசி வரிசைக்காரர் எழுந்து லப்பெயே தேநீர் வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்தார்.

சயாமா முகம் மலர்ந்திருந்தது. "ஒருத்தரை ஒருத்தர் இவ்வளவு கவனிச்சு வச்சிருக்கீங்களே. எனக்கே குழப்பமா இருக்கு. கடைசி வாரம் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. அது சொல்றபடி எழுதறேன்."

ஐந்தாம் வாரம், பேசினால் கெடும் என்று அவன் ஜன்னல் வழியே படகுகளை எண்ணிக்கொண்டிருந்தான். வேலம்மாவும் பயந்துபோய் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது ஞாயிறு நிலாரைக் கேட்டு அனுப்பினான். சத்யபாமா மறுக்காமல் அனுப்பிவைத்தது அவனுக்கு ஆச்சரியம். இன்சீனிலிருந்து அப்பாவும் மகளும் ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் வந்தார்கள். கீரைக்கட்டுகளுக்கு நடுவே மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பின்னால் போகும் குளங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ரயில் ஆடிய ஆட்டத்தில் அவனுக்கு அந்தப் பயணம் முடியாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது.

"கண்ணு, அங்க ஒரு அத்தை இருப்பாங்க. அவங்களை அம்மானு கூப்பிடணும்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"சரி."

"ஏன்னு கேட்க மாட்டியா?"

"ஐஸ்க்ரீம் உண்டாப்பா?"

வகுப்பில் அவள் வேலம்மாவின் மடியில் சாய்ந்து, "அம்மா, தலை வலிக்குது," என்றாள். வேலம்மாவே ஒரு கணம் பதறி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை யார்கூட இருக்கணும் பாப்பா?" என்று கேட்டார் சயாமா.

"அப்பாகூட."

அவள் அதை யோசிக்காமல் சொன்னாள். தேவராஜ் ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

சயாமா கையெழுத்துப் போட்டார். முத்திரைக்காகச் சங்கத்து எழுத்தர் குழந்தைவேலுவிடம் தாள் போயிற்று. எல்லா ஊர் வகுப்புகளின் கடைசி நாளுக்கும் முத்திரையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர்தான். மையில் ஒற்றி, தாளுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்தவர், நிலாரைப் பார்த்துக் கையை அப்படியே நிறுத்தினார். வேலம்மாவைப் பார்த்தார். தேவராஜைப் பார்த்தார். மறுபடி நிலாரைப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, உங்கப்பாவுக்குச் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வேணும்னு இன்சீன் புதன்கிழமை வகுப்புல அடம்பிடிச்சு எழுத வச்சாங்களே, அந்த அம்மா எங்க, அவங்க கூட்டிட்டு வந்த அப்பா எங்க?"